பாலும் சோறும் பூனைக்குப் போதுமா?

"புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்பது நாம் அறிந்த பழமொழி. மானம் மிக்கவர்களைப் புகழ்வதற்கு இதைச் சொல்வார்கள். உயிரியலோ இதற்கு வேறொரு பொருள் கூறும். புல்லைத் தின்று புலியால் உயிர்வாழ முடியாது. அதன் உடல் அமைப்பு அப்படி! நம் வீட்டுப் பூனையும் புலியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அப்படியானால், நாம் தட்டில் வைக்கும் பால்சோறு அதற்குப் போதுமா?

"ஏன் போதாது? எங்கள் பாட்டி வீட்டுப் பூனை பால்சோறு தின்றே கொழுகொழுவென்று இருந்ததே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு விடை காணுமுன் பூனையின் உடலைச் சற்று ஆராய்வோம்.

வேட்டைக்கேற்ற உடல்

பூனை வாயைத் திறந்து கொட்டாவி விடும்போது உற்றுப் பாருங்கள். வளர்ந்த பூனைக்கு 30 பற்கள் உண்டு. நமக்கு இருப்பதுபோல அகன்ற, தட்டையான அரைக்கும் பற்கள் அதற்கு இல்லை. கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலின் இரு அலகுகள் போல ஒன்றையொன்று உரசி இறைச்சியை வெட்டுகின்றன. தாடையும் மேலும் கீழுமாக மட்டுமே அசையும். ஆடு மாடுகளைப்போலப் பக்கவாட்டில் அசைத்து அரைக்க முடியாது. குடலும் உடலின் அளவை நோக்கக் குட்டையானதே.

நாக்கின் கதை இன்னும் வியப்பானது. பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது! இனிப்பை உணரும் உறுப்பு நாவில் உருவாவதற்கு இரண்டு ஜீன்கள் தேவை. பூனை இனத்தில் அவற்றுள் ஒன்று பழுதடைந்து செயலற்றுக் கிடக்கிறது என்பதை 2005-இல் அறிவியலார் கண்டறிந்தனர். எலியிலும் பறவையிலும் சர்க்கரையைத் தேடவேண்டிய அவசியம் இல்லை அல்லவா?

கண்ணைக் காக்கும் டாரின்

உடலுக்குள் நடைபெறும் இரசாயன மாற்றங்களில்தான் முக்கிய வேறுபாடு உள்ளது. டாரின் என்பது அமினோ அமில வகையைச் சேர்ந்த ஒரு பொருள். கண்ணின் விழித்திரைக்கும் இதயத் தசைக்கும் இது இன்றியமையாதது. நாய் போன்ற பல விலங்குகள் வேறு அமினோ அமிலங்களிலிருந்து இதைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. பூனையால் மிகச் சிறிதளவே தயாரிக்க முடியும். செலவோ அதிகம்! கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளைச் செய்வதற்குப் பூனையின் கல்லீரல் டாரினை மட்டுமே பயன்படுத்துகிறது. அதில் ஒரு பகுதி நாள்தோறும் மலத்துடன் வெளியேறிவிடுகிறது. வரவு குறைந்து செலவு மிகுந்தால் கையிருப்பு கரைவது இயல்புதானே?

1975-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சில பூனைகளுக்குப் புரதமாகக் கேசீனை மட்டும் கொடுத்து வளர்த்தனர். கேசீன் என்பது பாலிலுள்ள புரதமே. அப்பூனைகளின் விழித்திரை படிப்படியாகச் சிதைந்தது. டாரின் குறைவே இதற்குக் காரணம் எனத் தெரிந்தது. அழிந்த விழித்திரை மீண்டும் வளராது. பின்னர் 1987-இல் இன்னோர் உண்மை வெளியாயிற்று. இதயம் வீங்கித் தளர்ந்து இறந்துகொண்டிருந்த பல பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது அவற்றின் இதயம் மீண்டும் வலுப்பெற்றது. அதன்பின் பூனைத் தீவன நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின.

தாவரங்களில் டாரின் அநேகமாக இல்லை. பாலிலும் மிகக் குறைவு. மீன், கோழி, எலி இவற்றின் தசையில் நிறைய உண்டு.

டாரின் மட்டுமா? கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினிலிருந்து நாம் வைட்டமின் ஏ செய்துகொள்கிறோம். பூனையால் அது முடியாது. மேலும், புரதத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் அதன் உடலில் எப்போதும் வேகமாகவே இயங்குகின்றன. புரதம் குறைந்த நாளிலும் அவ்வேகத்தைப் பூனையால் பெரிதும் தணிக்க இயலாது. பட்டினி கிடக்கும் பூனை தன் தசையையே கரைத்துச் செலவிடுகிறது.

நாய் மாறியது, பூனை மாறவில்லை

மனிதனோடு வாழ்ந்த நாய் அவன் உணவுக்குப் பழகியது. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதிக்கான ஜீன்கள் ஓநாயைவிட நாயிடம் பெருகியிருக்கின்றன. பூனைக்கு இத்தகைய கட்டாயம் நேரவில்லை. உழவர் சேமித்த தானியத்தைத் தேடி எலி வந்தது; எலியைத் தேடி ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வந்தது என்று கருதுகிறார்கள். சைப்ரஸ் தீவில், சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதனின் அருகே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்தது 2004-இல் வெளியிடப்பட்டது. மனிதனின் பக்கத்தில் வாழ்ந்தபோதும் பூனை தன் உணவைத் தானே வேட்டையாடி வந்தது.

இப்போது பாட்டி வீட்டுப் பூனைக்கு வருவோம். அது தட்டில் பால்சோறு தின்றது உண்மைதான். ஆனால் இரவில் பரணிலும் வைக்கோற்போரிலும் எலி, பல்லி, வெட்டுக்கிளி என்று பிடித்துத் தின்றதை யார் கணக்கு வைத்தார்கள்? குறையை அது தானே நிரப்பிக்கொண்டது. இன்று நான்காவது மாடியில், மூடிய கதவுக்குள் வாழும் பூனைக்கு அந்த வழி இல்லை. தட்டில் நாம் வைப்பதே அதற்கு எல்லாம். அதற்கு வெறும் பால்சோறு கொடுத்தால் வயிறு நிரம்பும். மாதங்கள் செல்லச் செல்லக் கண்ணும் இதயமும் பழுதாகும்.

என்ன கொடுக்கலாம்?

முள் நீக்கி வேகவைத்த மீன் அல்லது கோழி இறைச்சி நல்லது. வேகவைத்த நீரையும் சேர்த்தே கொடுங்கள். டாரின் நீரில் கரைந்துவிடும். ஈரல் சிறிதளவு போதும். மிகுந்தால் வைட்டமின் ஏ நஞ்சாகும். நாளெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு, முழு உணவாகத் தயாரிக்கப்பட்ட பூனைத் தீவனமே பாதுகாப்பானது. நாய்த் தீவனம் அதற்கு ஈடாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாற்சர்க்கரை செரிக்காமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். அவற்றுக்குத் தண்ணீரே சிறந்த பானம். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. குழம்பில் தோய்ந்த மீனைத் தராதீர்கள். காய்ச்சலென்று பாராசிட்டமால் மாத்திரையும் தரவேண்டாம். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லாததால் ஒரே மாத்திரைகூட உயிரைப் பறிக்கலாம். கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

சைவ உணவு உண்ணும் குடும்பத்தார்க்கு மீனும் இறைச்சியும் வாங்குவது சங்கடமாகத் தோன்றலாம். அத்தகையோர் பூனையை வீட்டுக்குக் கொண்டுவருமுன்பே இதை எண்ணிப் பார்ப்பது நல்லது. நம் உணவை நாம் தேர்ந்தெடுக்கலாம். பூனைக்கு அந்தத் தேர்வை இயற்கை விட்டுவைக்கவில்லை.