பெட்டியடி – 17: ஓட்டையும் ஓட்டமும்

அரியக்குடி என்றதும் உங்களுக்கு ராமானுஜ ஐயங்கார் நினைவுக்கு வருவார். கோயில் குளம் என்று அலைகிறவர்களுக்குத் தென்திருப்பதி திருவேங்கடமுடையான். பாத்திரக்கடைக்காரர்களைக் கேட்டால் குத்துவிளக்கு என்பார்கள். எனக்கு இந்தத் தை மாதத்திலிருந்து அரியக்குடி என்றால் ஒரு மிக்சி.

ஒன்றுவிட்ட தங்கையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நியூ ஜெர்சியில் வேலை. வளவு முழுக்கச் சாமான் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்துக் கல்யாணம் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கிட்டத்தட்ட ஒரு பொருட்காட்சி. பித்தளைத் தவலை, எவர்சில்வர் அடுக்கு, எனாமல் கூஜா என்று ஆரம்பித்து, வரிசையின் வால் பக்கத்தில் 750 வாட்ஸ் மிக்சி, டேபிள்டாப் கிரைண்டர், அரிசி வேகவைக்கும் குக்கர். மிக்சியின் மூடிமேல், மஞ்சள் குங்குமம் வைத்து, வெள்ளை நிறத்தில் ஒரு அடாப்டர்.

“காரைக்குடியில வாங்குனது அண்ணே, நூத்தியிருபது ரூவா. எந்த நாட்டு பிளக் பாயின்ட்லயும் போகுமாம்” என்றாள் தங்கை.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அநேகமாக எந்த நாட்டிலும் அது உள்ளே போகும். போய்ச் செருகிக்கொள்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. சுவரிலிருந்து எத்தனை வோல்ட் வருகிறதோ அதை அப்படியே இந்தப் பக்கம் கொடுத்துவிடும். கூட்டவும் தெரியாது, குறைக்கவும் தெரியாது. கூட்டிக் குறைப்பதற்குப் பெயர் கன்வெர்ட்டர். அது வேறு சாமான், வேறு விலை, வேறு எடை. ஓட்டை பொருந்திவிட்டால் கரண்டும் பொருந்திவிட்டது என்று நினைப்பதுதான் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிற நம் வீடுகளில் நடக்கிற முதல் தப்பு.

நம் வீட்டில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட்தான். அதிலும் கிழக்கே டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், மேற்கே ஒசாகாவில் 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கினார்கள். அந்தக் கொள்முதலின் வடு இன்னும் மாறவில்லை. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய், லண்டன் எல்லாம் நம்மைப் போலவே 230-ஐ ஒட்டியவை. ஆகவே எங்கள் முன்னோர் கொண்டுவிக்கப் போன, அதாவது வியாபாரத்துக்குப் போன கிழக்கு நாடுகளுக்கு இன்று பெட்டி கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மேற்கே, அதுவும் அமெரிக்கா போகிறவர்களுக்கு உள்ள கவலை இது.

அமெரிக்காவில் மட்டும் ஏன் பாதி? எடிசன் 1882-இல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையம் தொடங்கியபோது, அவருடைய பல்புக்கு ஏற்றது 110 வோல்ட்தான். பிறகு ஐரோப்பா 220 பக்கம் நகர்ந்தது. வோல்ட் என்கிற அழுத்தம் இரட்டித்தால் அதே வேலைக்குக் கரண்ட் பாதி போதும், செம்புக் கம்பி மிச்சம். அமெரிக்காவில் அதற்குள் வீடு வீடாகச் சாமான்கள் புகுந்துவிட்டன. வாங்கியதைத் தூக்கியெறிய யாருக்கு மனசு வரும்? நம் வீடுகளில் பரணில் கிடக்கிற சாமான்களுக்கும் அதே காரணம்தான்.

இனி அந்தச் சாமான் வரிசைக்கு வருவோம். அரிசிக் குக்கர் 700 வாட்ஸ். நியூ ஜெர்சியில் அடாப்டர் போட்டுச் செருகினால் என்ன ஆகும்? எரியாது, வெடிக்காது. அழுத்தம் பாதியானால் ஓடும் கரண்டும் பாதியாகிறது. பாதியில் பாதி, கால். கணக்குப் போட்டால் 190 வாட்ஸ் சூடுதான் கிடைக்கும். சோறு வேகாது, ஊறும்.

திருப்பிப் போட்டால்தான் ஆபத்து. போன வருஷம் டல்லாஸிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை, முடியை நேராக்குகிற கம்பியை அரியக்குடி வீட்டில் அடாப்டர் போட்டுச் செருகியது. 120-க்குச் செய்த கம்பிக்கு 230 போனது. இங்கே அழுத்தமும் ஏறக்குறைய இரட்டை, கரண்டும் ஏறக்குறைய இரட்டை. சூடு மூன்றரை மடங்குக்கு மேல். வட்டிக்கு வட்டி போட்டுப் பழகிய ஊரில் இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றவில்லை. பிளாஸ்டிக் உருகிய நாற்றம் இரண்டாம் கட்டு வரை வந்தது. நல்லவேளை, முடிக்குள் வைத்துக்கொண்டு சுவிட்ச் போடவில்லை.

மிக்சியின் கதை கொஞ்சம் வேறு. 230 வோல்ட் மிக்சி 120-இல் சுற்றும், சோம்பிச் சுற்றும். தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டுத் தண்ணீர் குறைத்தால் திணறி நிற்கும். நின்ற மோட்டாருக்குள் கரண்ட் ஓடிக்கொண்டேயிருக்கும், காற்றுத் தள்ளுகிற விசிறியும் கூடவே நின்றிருக்கும். அப்புறம் காயில் தீய்கிற வாசனைதான்.

“அப்ப கன்வெர்ட்டர் வாங்கிக் குடுத்துருவோம். ஸ்டெபிலைசர் மாதிரிதானே?” என்றார் தங்கை வீட்டுக்காரர்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் எவ்வளவு நியாயமான கேள்வி! ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர்தான் நம் வீடுகளுக்குத் தெரிந்த வோல்டேஜ் வைத்தியர். ஆனால் அவர் ஊர்க் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுப்பவர். 230 சற்றே இறங்கினால் தூக்குவார், ஏறினால் அமுக்குவார். 120-ஐ 230 ஆக்குவது அவரால் ஆகாது.

கன்வெர்ட்டர் என்ற பெயரில் கடைகளில் இரண்டு ஜாதிச் சரக்கு விற்கிறது. ஒன்று, இரும்புத் தகடும் செம்புச் சுருளுமாக நிஜமான டிரான்ஸ்ஃபார்மர். கையில் தூக்கினால் தெரிந்துவிடும். 750 வாட்ஸ் மிக்சி கிளம்பும் நொடியில் இழுக்கிற இழுப்புக்கு அதைப் போல இரண்டு பங்கு, 1500 வாட்ஸாவது தாங்குகிறதாக வேண்டும். ஏழெட்டுக் கிலோ இருக்கும். விமானத்தில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்றால் மூன்றில் ஒரு பங்கை இரும்புக்கே தாரைவார்க்க வேண்டும். அங்கே போனாலும் அந்த 1500 வாட்ஸுக்கு 120 வோல்ட் சுவரிலிருந்து பன்னிரண்டரை ஆம்ப் இழுக்கும். அமெரிக்க வீட்டின் சாதாரண பாயின்ட் 15 ஆம்ப்தான். அதே லைனில் மைக்ரோவேவ் ஓடினால் டிரிப் ஆகிவிடும்.

இன்னொரு ஜாதி, உள்ளங்கையில் அடங்குகிற எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர். 1600 வாட்ஸ், 2000 வாட்ஸ் என்று மேலே பெரிதாக அச்சடித்திருப்பான், எடை கால் கிலோவைத் தாண்டாது. பெரும்பாலும் இது வோல்டேஜை ஒழுங்காகக் குறைக்கிற சாமான் அல்ல. கரண்டின் அலையை வெட்டி வெட்டி அனுப்புகிற சாமான். இஸ்திரிப்பெட்டி, கெட்டில் மாதிரி வெறும் சூடு மட்டும் போடுகிறவற்றுக்கு ஏதோ ஓடும். மோட்டார், லேப்டாப், மருத்துவக் கருவி எதையும் இதில் மாட்டக் கூடாது. எடை குறைவு, வாட்ஸ் அதிகம் என்று கண்டால் சந்தேகப்படுங்கள்.

வோல்டேஜ் ஒரு வழியாகச் சரியானாலும் ஹெர்ட்ஸ் பாக்கி இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரால் அதைத் தொட முடியாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு கடிகாரம். எண்பதுகளில் டெட்ராய்ட்டிலிருந்து பெரியப்பா மகன் ஆயாவுக்கென்று ஒரு ரேடியோ கடிகாரம் கொண்டுவந்தார், சிவப்பு எண்கள் ஒளிர்கிற ரகம். மனுஷர் விவரமானவர், கூடவே ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்திருந்தார். வோல்டேஜ் சரி, ரேடியோ பாடியது. ஆனால் காலை ஆறுக்குச் சரியாக வைத்தால் சாயங்காலம் ஆறுக்கு நாலு என்று காட்டியது. அந்த வகைக் கடிகாரம் கரண்டின் துடிப்பை எண்ணித்தான் நேரம் சொல்லும். அறுபது எண்ணினால் ஒரு நொடி என்று அதற்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அரியக்குடியில் நொடிக்கு ஐம்பதுதான் துடிக்கிறது. மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கியது. நாங்கள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தபோது ஆயா சொன்னார்: “விடுங்கப்பா, அமெரிக்காவுல அப்ப மணி நாலாயிருக்கும்.”

இதே நியாயம் கிரைண்டருக்கும். மிக்சிக்குள் கார்பன் வைத்த மோட்டார், ஐம்பதோ அறுபதோ கவலைப்படாது. கிரைண்டர் மோட்டார் வேறு வகை, ஹெர்ட்ஸுக்கு அடிமை. நிமிஷத்துக்கு 1440 சுற்று சுற்றுவது அங்கே 1725-ஐத் தொடும். மாவு சூடாகும், இட்லியின் மெத்து குறையும். 1955-இல் கோயம்புத்தூர் சபாபதி முதல் கிரைண்டரைச் செய்தபோது உளுந்து ஒருநாள் அட்லாண்டிக் தாண்டும் என்று நினைத்திருக்க மாட்டார். இப்போது நம் கம்பெனிகளே அமெரிக்காவுக்கென்று 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் மிக்சியும் கிரைண்டரும் செய்து விற்கிறார்கள். அங்கே போய் அதை வாங்குவதுதான் உத்தமம் என்பது என் கட்சி.

எல்லாவற்றுக்கும் இப்படிப் பயப்பட வேண்டியதில்லை. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் இவற்றைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்ற இடத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால், அது உலகம் சுற்றப் பிறந்த சாமான். வெறும் அடாப்டர் போதும். 230 என்று ஒற்றை எண் இருந்தால், அமெரிக்கா போகும்போது அது வீட்டிலேயே இருக்கட்டும். பெட்டி கட்டும் வீட்டில் பூதக்கண்ணாடி வைத்திருக்கிற ஒரு பெரியவர் இருந்தால் போதும், பாதிச் செலவு மிச்சம்.

இந்த எண் பார்க்கும் பழக்கம் புதிதுமல்ல. பினாங்கு கிட்டங்கியில் இருந்த எங்கள் ஐயா கொண்டுவந்த வால்வு ரேடியோ இன்னும் முகப்பில் இருக்கிறது. பின்பலகையைக் கழற்றினால் 110-இலிருந்து 250 வரை எண்கள் போட்ட ஒரு சின்னக் கட்டை. எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த எண்ணில் பின்னை மாற்றிச் செருகவேண்டும். ஊருக்கு ஊர் வேறு வோல்டேஜ் இருந்த காலம் அது, இங்கிலாந்துக்குள்ளேயே அப்படித்தான். ரேடியோவை வாங்கியதும் முதல் வேலை பின்பலகையைக் கழற்றுவது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட ரேடியோ வாங்கினால், நீங்களும் பின்பலகையைப் பார்க்காமல் பிளக்கில் மாட்டிவிடாதீர்கள்.

அந்த ரேடியோவின் பிளக் உருண்டைப் பின் வைத்தது. பினாங்கிலும் அதே, அரியக்குடியிலும் அதே. இரண்டும் ஒரே வெள்ளைக்காரன் ஆண்ட ஊர்கள். அந்த உருண்டைப் பின்னுக்கு 1934-இல் பிரிட்டனில் தரம் வகுத்தார்கள். 1947-இல் அவர்களே அதைக் கைகழுவிச் சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கினார்கள். நம்மை விட்டுப் போன வருஷமும் அதுதான். பழைய பிளக்கை நம்மிடம் விட்டுவிட்டுப் போனார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் பிறகு சதுரத்துக்குப் போயின. நாம் உருண்டையிலேயே நின்றுவிட்டோம்.

சதுர சாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, அடாப்டர் கொண்டுபோக மறந்து, பேனா மூடியை மேல் ஓட்டைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே என் இரட்டைப் பின் சார்ஜரைத் திணித்தேன். நம் ஆட்களில் இதைச் செய்யாதவர் குறைவு. துபாய்க்காரர்கள் இதில் நிபுணர்கள். மேல் ஓட்டை எர்த்துக்கு உரியது. நீளமான எர்த் பின் போனால்தான் கீழே கரண்ட் ஓட்டைகளின் கதவு திறக்கும், குழந்தைகள் குச்சி விடக்கூடாதென்று வைத்த கதவு. அதை ஏமாற்றித் திறந்துவிட்டோம். போதாததற்கு, சதுர பிளக்கின் வயிற்றுக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்கும். பிரிட்டன் முறையில் சுவருக்குள் ஓடுகிற லைன் 30 ஆம்ப், 32 ஆம்ப் தாங்கும். மெல்லிய வயர் வைத்த சாமானுக்குக் காவல் அந்தப் பிளக் ஃப்யூஸ்தான். பேனா மூடிக்காரனுக்கு அந்தக் காவல் இல்லை. என் சார்ஜர் தளர்வாக உட்கார்ந்து இரவெல்லாம் பொறி விட்டது. காலையில் பின் கறுத்திருந்தது. ஃப்யூஸ் வைத்த அடாப்டரின் விலை அங்கே இரண்டு காபிதான்.

அடாப்டர் வாங்கும்போது எர்த் பின்னைத் தட்டிப் பாருங்கள். பல மலிவுச் சரக்கில் அது வெறும் பிளாஸ்டிக், கதவு திறக்க மட்டும். சிலவற்றில் நம் மூன்று பின் பிளக் உள்ளே போகும், மூன்றாவது பின் எதையும் தொடாது. செல்போன் சார்ஜருக்குப் பரவாயில்லை. உலோக உடம்புள்ள இஸ்திரிப்பெட்டியை இதில் மாட்டினால், உள்ளே ஒரு வயர் விட்டுப்போன அன்றைக்கு எர்த்தாக நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.

கல்யாண வீட்டில் என் பிரசங்கம் எடுபட்டதா என்றால், முழுக்க இல்லை. சாமான் வரிசையிலிருந்து எதையும் எடுக்க ஆச்சிமார்கள் சம்மதிக்கவில்லை. பரப்பியது பரப்பியபடியே இருந்தது, படமும் எடுத்தார்கள். பெண் விமானம் ஏறுகிற அன்று பெட்டிக்குள் போனது அடாப்டர் மட்டும். நியூ ஜெர்சியில் 110 வோல்ட் மிக்சி ஒன்று வாங்கிவிட்டதாகப் போன மாதம் சொன்னாள். அரியக்குடி மிக்சியில் இப்போது தங்கை தினமும் தேங்காய்ச் சட்னி அரைக்கிறாள். மூடியிலிருந்த குங்குமம் இன்னும் முழுக்கப் போகவில்லை.

(தொடரும்)