அரசனின் உடைந்த குரல்

சித்தம் கலங்கியவனைச் சங்கீதம் எவ்வாறு பாடுவது? மேலைத்தேய இசைநாடக மரபு இவ்வினாவுக்கு நெடுங்காலமாக இலகுவானதொரு விடையை வைத்திருந்தது. டொனிசெற்றியின் 'லூசியா'வில் (1835) மணமகனைக் குத்திய கையோடு புத்தி பேதலித்து வரும் பெண், தேனினும் இனிய பிருகாக்களைப் பொழிகின்றாள். அறிவு சிதைந்தாலும் அவள் குரல் சிதைவதில்லை. கேட்பவர் கண்ணீர் மல்கக் கைதட்டிவிட்டு வீடு செல்லலாம்.

பீற்றர் மக்ஸ்வெல் டேவிஸ் என்ற ஆங்கிலேய இசையாக்குநர் அந்த வசதியை நமக்கு மறுத்துவிட்டார். 'பித்துப்பிடித்த அரசனுக்கு எட்டுப் பாடல்கள்' என்னும் அவருடைய படைப்பு 1969 ஏப்பிரலில் இலண்டனில் அரங்கேறியது. ஏறத்தாழ அரைமணி நேரம், ஆறு வாத்தியக்காரர், ஒரே பாடகர். அவ்வரசன் இங்கிலாந்தின் மூன்றாம் ஜோர்ஜ். ஈழத்தவருக்கு அவர் அந்நியரல்லர். 1815இல் கண்டிப் பிரதானிகள் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தால் அவ்விராச்சியம் சேர்ந்தது இவருடைய முடிக்கே. அப்பொழுதோ அவர் பார்வையிழந்து, அறிவும் மயங்கி, வின்சர் மாளிகையில் அடைபட்டிருந்தார். ஆட்சி மகனிடம் இருந்தது. தம் பெயரால் ஒரு நாடு கைமாறியதை அவர் அறிந்திருப்பாரா என்பதே ஐயம்.

அரசரிடம் எட்டு மெட்டுக்களை இசைக்கும் சிறு இயந்திரப் பெட்டியொன்று இருந்ததாம். அதைக்கொண்டு பறவைகளுக்குப் பாடக் கற்பிக்க முயன்றாராம். அப்பெட்டியைக் கண்ட அவுஸ்திரேலிய எழுத்தாளர் றன்டொல்ஃப் ஸ்டோ, அரசர் கூறிய சொற்கள் சிலவற்றையும் சேர்த்துப் பாடல்களை யாத்தார். புல்லாங்குழல், கிளாரினெற், வயலின், செலோ வாசிப்போர் அரங்கிலே பெரிய கூண்டுகளுள் அமர்ந்திருப்பர், அவர்களே அப்பறவைகள். தாளவாத்தியக்காரர் காவலாளி. மூன்றாம் பாட்டின் சுரக்குறிப்பே கூண்டின் கம்பிகள் போல எழுதப்பட்டுள்ளது!

முதன்முதலிற் பாடிய ரோய் ஹார்ட் அசாதாரணமான குரல் படைத்தவர். ஐந்து ஸ்தாயிகளுக்கும் மேலாக ஓடும் இப்பாட்டு, அவரை மனத்திற்கொண்டே எழுதப்பட்டது. உறுமல், கீச்சொலி, முணுமுணுப்பு, ஒரே மூச்சில் இரு சுரங்கள் ஒலிக்கும் விந்தை – யாவும் அதில் உண்டு. இவை அவலத்தை வருணிப்பனவல்ல. அவலத்தால் குரலுக்கு நேர்ந்த கதி.

நான் இதை ஒலிப்பதிவிற் பலமுறை கேட்டிருக்கிறேன். ஏழாம் பாட்டுக்கு இன்னும் என் மனம் கூசுகின்றது. ஜோர்ஜ் மன்னர் உயிராய் நேசித்தது ஹன்டெலின் இசை. அந்த ஹன்டெலின் 'மெசையா'விலுள்ள ஆறுதல் மெட்டு, இங்கே களியாட்ட நடனமாகக் கோணிப்போகின்றது. அரசன் கூண்டுக் கம்பிகளூடே வயலினைப் பறித்து உடைக்கின்றான். தன்னுள் ஒரு பகுதியைத் தானே கொல்லும் சடங்கு அதுவென இசையாக்குநர் விளக்கியுள்ளார்.

நோயாளியைக் காட்சிப்பொருளாக்கலாமா எனச் சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 18ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாந்தர் பெத்லெம் மனநோய் விடுதிக்கு வேடிக்கை பார்க்கச் சென்றதுண்டு. டேவிஸ் நம்மையும் அவ்வாசலில் நிறுத்துகிறார். ஆனால் சிரிக்க விடுவதில்லை. ஏனெனில் இவ்வரசன் நல்லிசை இன்னதென்று அறிந்தவன். அதைப் பாட முயல்கிறான். குரல் பணிய மறுக்கின்றது. அவன் படும் பாட்டை அவனே கேட்டுக்கொண்டிருக்கிறான்.

எட்டாம் பாட்டில் அவன் பேச்சுக் குரலில், வேறொருவனைப் பற்றிக் கூறுவதுபோல, அரசன் இறந்துவிட்டான் என்று அறிவிக்கிறான். பின்னர் காவலாளி முரசறைந்து அவனை அரங்கினின்று வெளியேற்றுகிறான். ஓலம் அப்பால் தேய்ந்து செல்கின்றது.