ஒளித்துப் படிக்கும் நாவல்கள்

சென்ற ஆண்டு இலக்கண வகுப்பொன்றில், நன்னூலின் நடுவே சிறிய மர்ம நாவலொன்றை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை நாம் கண்டோம். கண்டும் காணாதவர் போலப் பாடத்தை முடித்து, மணியடித்த பின்னர் அவரை அருகில் அழைத்தோம். தண்டனை வருமென்று அஞ்சி நின்றார். நாம் கேட்டவை இரண்டே வினாக்கள்: இத்தகைய நாவல்கள் இதுவரை எத்தனை படித்திருப்பீர்? அவற்றுள் நல்லது எது? முதலாவதற்கு, "ஐம்பது இருக்கும், ஐயா" என்று உடனே விடை வந்தது. இரண்டாவதற்கு நெடுநேரம் விழித்து நின்று, "எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும், ஐயா, பொழுது போவதற்காகப் படிப்பதுதானே" என்றார். ஐம்பது மாங்கனி தின்றும் புளிப்பு இது, இனிப்பு இது என்று அறியாத நாவும் உண்டோ என்று நாம் வியந்தோம்.

அதன்பின் சில வாரங்கள் கழித்து, நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவரைக் காணக் காட்டுப்பள்ளிக்குச் சென்றிருந்தோம். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கிழக்கே வங்கக் கடலும் அணைத்துக் கிடக்கும் மணற்கரை அது. ஒரு தலைமுறைக்கு முன்னர் வலையும் படகுமே அங்கு வாழ்வாக இருந்தன. 2010ஆம் ஆண்டில், கடல்நீரைக் குடிநீராக்கி நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் சென்னைக்கு அளிக்கும் நிலையம் அவ்விடத்தில் தொடங்கப்பெற்றது; கப்பல் கட்டும் தளமும், சரக்குப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் துறைமுகமும் எழுந்தன. நம் நண்பர் அத்துறையில் இரவு முறையில் வேலை பார்ப்பவர். மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்தில் ஏழெட்டுப் பேர் கூடி, மாத நாவல் ஒன்றை ஒருவர் வாங்க மற்றவர் முறை வைத்துப் படிப்பது வழக்கமாம். சிலர் கைப்பேசியில் தொடர்கதை படிப்பார்களாம். ஒரு நூலைச் சுட்டி அவர் கூறியது நம்மைத் திடுக்கிட வைத்தது: "இதில் ஆசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார், ஐயா. சாவி யாரிடம் இருந்தது என்பதை எங்குமே சொல்லாமல் வைத்திருந்து, கடைசி அத்தியாயத்தில் எடுத்து நீட்டுகிறார். அது நியாயமில்லை என்று பேருந்தில் எல்லோரும் சண்டைக்கு வந்துவிட்டார்கள்."

கல்லூரியில் இருந்த காலத்தில் இந்நண்பர் இலக்கியத்தில் பெரும்புலி என்று சொல்வதற்கில்லை. வகுப்பில் நாம் பிடித்த மாணவரோ அறிவிற் குறைந்தவர் அல்லர். வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. ஒருவர் ஒளித்துப் படிக்கிறார். ஒருவர் ஊரறியப் படிக்கிறார். ஒளித்துப் படிப்பவர் தாம் படித்ததைப் பற்றிப் பிறரிடம் பேச இயலாது. பேசாதபோது ஒப்பிடவும் இயலாது. ஒப்பிடாத இடத்தில் சுவை வளர்வதில்லை. மர்ம நாவலாலும் காதல் நாவலாலும் மாணவர் கெடுவர் என்று நம் ஆசிரியப் பெருமக்களுட் சிலர் கவலைப்படுகின்றனர். நாம் கவலைப்படுவது அவற்றைச் சூழ்ந்த வெட்கத்தைக் குறித்தே.

இவ்வெட்கம் நேற்று வந்ததன்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்ற ராஜமையரும் மாதவையாவும் அதே நூற்றாண்டின் இறுதிக்குள் 'கமலாம்பாள் சரித்திரம்', 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவல்களை அளித்தனர். இவை இன்று பாடநூல்களாக மதிக்கப் பெறுகின்றன. ஆனால் அதே காலத்தில், 1894இலேயே, பண்டித நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணரைத் தமிழில் உலவவிட்டார் என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? ஷெர்லாக் ஹோம்ஸ் ஆங்கிலத்தில் முதன்முதல் தோன்றியது 1887இல். ஏழாண்டுகளில் நம்மவரும் குற்றவாளியின் சுவடு தேடப் புறப்பட்டுவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வாறு மடை திறந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' வாயிலாகத் துப்பறியும் கோவிந்தன் வந்தான். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் வந்தார். அவருடைய 'மேனகா' 1935இல் திரைப்படமாயிற்று. 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்னும் பெயரால் திரையேறியது. ஆரணி குப்புசாமி முதலியார், லண்டன் நகரத்து ரெயினால்ட்ஸ் என்பவரின் கதைகள் உள்ளிட்ட ஆங்கில நாவல்கள் பலவற்றைத் தமிழ்நாட்டு உடை உடுத்தி நடக்கவிட்டார். அந்த ரெயினால்ட்ஸ், 1844 முதல் வாரந்தோறும் ஒரு பென்னி விலைக்குக் கதை விற்றவர். தம் நாட்டில் உயர்ந்தோர் முகஞ்சுளித்த அவ்வெழுத்தாளரை இந்தியாவில் வாசகர் கொண்டாடினர். இதில் நமக்கு மிகவும் இன்பம் தருவதொரு செய்தி உண்டு. தனித்தமிழின் தந்தையெனப் போற்றப்பெறும் மறைமலையடிகள் 1911இல் வெளியிட்ட 'நாகநாட்டரசி குமுதவல்லி' என்னும் நாவலும் ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவியதே! பேரறிஞரும் இந்தக் கதைக்காரரிடம் கை நீட்டினார் எனில், நாம் ஏன் நூலை ஒளிக்க வேண்டும்?

பெண்கள் இவற்றைப் படிப்பது குறித்து அக்காலத்தில் கண்டனம் மிகுதி. முன்னெல்லாம் கதை என்பது திண்ணையில் ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கூடியிருந்து கேட்பது. நாவலோ தனியே ஒரு மூலையில் வாய் திறவாமல் படிப்பதற்கு உரியது. வீட்டுப் பெண் எதைப் படிக்கிறாள், எந்த வரியில் அவள் முகம் சிவக்கிறது என்பது வீட்டாருக்குத் தெரியாது. அச்சம் கதையைப் பற்றியது மட்டுமன்று, அந்தத் தனிமையையும் பற்றியது. அக்கண்டனங்களுக்கு நடுவே, முறையான பள்ளிப் படிப்பின்றி, முதலில் தோழி ஒருவருக்குச் சொல்லி எழுதுவித்த வை. மு. கோதைநாயகி அம்மாள், 1925இல் 'ஜகன்மோகினி' என்னும் மாத இதழைத் தாமே ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். பின்வந்த 'லக்ஷ்மி' என்னும் திரிபுரசுந்தரி அம்மையார், கதை எழுதிப் பெற்ற ஊதியத்தைத் துணையாகக் கொண்டே மருத்துவப் படிப்பை முடித்தார். நாவல் பெண்ணைக் கெடுக்கும் என்றவர்கள் இவ்விருவரையும் எங்கே வைப்பார்களோ, நாம் அறியோம்.

பிற்காலத்து வரலாறு நம் வாசகர்க்குத் தெரிந்ததே. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தினார். சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' வழியே வந்து சேர்ந்தான். கோவை ராஜேஷ்குமார் 1,500க்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். ரமணிசந்திரனின் காதல் நாவல்கள் வாடகை நூலகங்களில் அட்டை கிழியக் கிழியக் கை மாறின. 2008இல் சென்னைப் பதிப்பகம் ஒன்று இத்தகைய கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, நம் ஆங்கிலத் துறையினர் அதனை மேசைமேல் வைத்துப் படித்ததைக் கண்டோம். தமிழில் இருந்தபோது அது மேசைக்குக் கீழே இருந்தது!

இனி இந்நாவல்கள் இன்பம் தருவது எவ்வாறு என்று சிறிது ஆராய்வோம். குற்றக் கதையில் ஆசிரியர் கையாளும் கருவி ஒன்றே. அது, தெரிந்ததை எப்போது யாருக்குச் சொல்வது என்பது. வாசகருக்குத் தெரியாமல் மறைத்தால் பிறப்பது மர்மம். வாசகருக்குச் சொல்லிவிட்டுக் கதைமாந்தருக்கு மறைத்தால் பிறப்பது பதைப்பு. பின்னதற்கு உதாரணம் தேடி நாம் மேனாட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை, சிலப்பதிகாரம் இருக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லனே என்பது கோவலன் வெட்டுண்பதற்கு முன்னரே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் தடுக்க இயலாமல் நாம் துடிக்கிறோம். பின்னர் வழக்குரை காதையில் கண்ணகி கொண்டுவருவது கண்ணீரை மட்டுமன்று, சான்றினையும் கொண்டுவருகிறாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியவுடன் வழக்கு முடிகிறது. இன்றைய துப்பறியும் நாவலில் எந்தச் சான்றும் இதனினும் தெளிவாக வைக்கப்பட்டதை நாம் படித்ததில்லை.

மர்மக் கதைக்கோ வேறொரு நேர்மை வேண்டும். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'சந்திரகாந்தக் கல்' என்னும் பொருள்படும் பெயருடைய ஆங்கில நாவல், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையிற் கவரப்பெற்ற வைரத்திலிருந்து தொடங்குகிறது. அதில் விடைக்குரிய குறிப்புகள் வாசகரின் கண்முன்னரே கிடக்கின்றன; நாம்தாம் அவற்றை மிதித்துக்கொண்டு நடக்கிறோம். முடிவறிந்தபின், "அடடா, அங்கேயே சொன்னாரே!" என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தூண்டுவதே நல்ல மர்ம நாவல். "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்கத் தூண்டினால், காட்டுப்பள்ளிப் பேருந்தில் நிகழ்ந்தது போலச் சண்டைக்குச் செல்வதே முறை.

காதல் நாவலைப் பழிப்போர், முடிவு முன்னரே தெரிந்ததுதானே என்பர். தெரிந்ததே, யார் இல்லை என்றார்? அங்கு இன்பம் முடிவிலன்று, தடையில் இருக்கிறது. நம் அகப்பொருள் மரபு இதனை நன்கு அறியும். களவொழுக்கத்தில் ஊரார் அலர் தூற்றுவதும், தாய் மகளை வீட்டினுள் அடைத்துக் காக்கும் இற்செறிப்பும், இரவுக்குறியில் நாய் குரைப்பதும் எல்லாம் தடைகளே. தடை பொருந்தியதாயின் காதல் வலிவு பெறும். நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தனர். கடலுக்குச் சென்றவன் திரும்பும்வரை கரையில் நிற்பவளுக்கு வேறென்ன உண்டு? இன்றும் காட்டுப்பள்ளிக் கரையில் நிற்பவர்க்கு அது விளங்கும். வலிவற்ற காதல் நாவலில் தடை என்பது, ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் தவறான எண்ணமாக இருக்கும். அவ்வொரு வாக்கியத்தை நாயகி 120 பக்கம் பேசாதிருப்பாள். அதனைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் அக்கோபத்தையும் ஒளித்துப் படிப்பவர் யாரிடம் சொல்வார்?

குறைகள் இல்லையென்று நாம் வாதாட வரவில்லை. அடக்கியாளும் முரட்டு நாயகனைக் காதலின் இலக்கணமாகக் காட்டும் நாவல்கள் பல. கொலையுண்ட பெண்ணின் உடலைத் துயரமின்றி அட்டைப்படப் பொருளாக்கும் நாவல்களும் உள. மாதத்துக்கு மூன்று எழுதும் விரைவில் நடை தேய்ந்துபோவது இயல்பு. பெயரை மாற்றிய பழைய கதையே புதிதாய் வருவதும் உண்டு. இவற்றை நமக்கு முதலிற் சுட்டிக் காட்டியவர் பேராசிரியர் எவருமல்லர். ஆண்டுக்கு நூறு நாவல் படிக்கும் நம் அண்டை வீட்டு அம்மையாரே. "இந்த நாயகனை என் மகள் கட்டிக்கொண்டால் நான் விடமாட்டேன்" என்று அவர் ஒரு நூலை மூடி வைத்ததினும் சிறந்த மதிப்புரையை நாம் அண்மையில் எந்த இதழிலும் கண்டதில்லை.

ஆதலால், இவ்வாண்டு முதல் நம் துறை வாசிப்பறையின் சிறு அலமாரியொன்றில் இத்தகைய நாவல்களையும் வைக்கத் துணிந்துள்ளோம். பக்கத்தில் ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். படித்தவர், நல்லது அல்லது தீது என்று மட்டும் எழுதாமல், எந்த அத்தியாயத்தில் தமக்கு ஐயம் எழுந்தது, எங்கே அலுத்தது என்றும் எழுதவேண்டும் என்பதே விதி. நன்னூலுக்குள் நாவல் வைத்த அம்மாணவரே குறிப்பேட்டில் முதற்பக்கம் எழுதியவர். மூன்று வரிதான், எழுத்துப் பிழை நான்கு, ஆயினும் ஐம்பத்தொன்றாவது நாவல் ஏன் ஐம்பதாவதைப் போன்றதன்று என்பதை அதில் அவர் சொல்லியிருக்கிறார்.

காட்டுப்பள்ளி நண்பரோ இப்போது ஒரு தொடரில் மூழ்கியிருக்கிறார். நம்மையும் அதில் இழுத்துவிட்டார். கொலை செய்தவர் மாமனார் என்பது பேருந்தின் ஒருமித்த கருத்தாம். நமக்குத் தோட்டக்காரன்மேல் ஐயம். அடுத்த பகுதி வெள்ளிக்கிழமை வருகிறது. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் அதுவரை மேசைமேல் காத்திருக்கின்றன.