ஒளி கூறும் சான்று

நாம் உட்கொள்ளும் ஒட்சிசனில் ஒரு சிறு கூறு, உயிர்க் கலத்தினுள்ளே சுப்பரொட்சைட்டு, ஐதரசன் பேரொட்சைட்டு முதலிய பொருள்களாக மாறுகின்றது. நைதரசனைச் சார்ந்தெழும் நைத்திரிக் ஒட்சைட்டும் இக்கூட்டத்தோடு வைத்து எண்ணப்படுவதே. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்லுதற்கு இவற்றைப் படைக்கலமாகக் கொள்ளும். அளவு மிகுந்தாலோ இவை தாம் பிறந்த மனையையே எரிக்கும். பெரும்பாலும் தோன்றிய சிறு பொழுதில் மறைந்துவிடும் இவற்றைக் காண்பது எங்ஙனம்?

அதற்கென ஆய்வாளர் விடுக்கும் ஒற்றனே ஒளிர்சாயம். 1871இல் சேர்மனிய அறிஞர் அடோல்வ் வொன் பாயர் ஆக்கிய புளோரசீனின் வழிவந்த சாயமொன்று, பேரொட்சைட்டை அளத்தற்கு 1965இல் கெஸ்ரன், பிராண்ட் என்போராற் கையாளப்பெற்றது. இன்று அச்சாயம் மாறுவேடம் பூண்டு கலத்தின் மென்சவ்வைக் கடக்கின்றது. உள்ளே நொதியங்கள் அவ்வேடத்தைக் களைகின்றன. பின்னர் ஒட்சியேற்றம் பெற்றதும், நீலவொளி படப் பச்சையாய் ஒளிர்கின்றது. எத்துணை அழகிய ஏற்பாடு!

ஆயினும் இவ்வொற்றன் சொல்லை அப்படியே நம்புதல் தகாது. பேரொட்சைட்டு மட்டும் எதிர்ப்படின் இச்சாயம் வாளாவிருக்கும். இரும்போ நொதியமோ இடைநின்று உதவல் வேண்டும். ஆகவே ஒளி மிகுந்தது பேரொட்சைட்டு மிகுந்தமையாலா, கட்டுண்டிருந்த இரும்பு விடுபட்டமையாலா என்பது விளங்காது. இன்னும் வியப்பு: ஒட்சியேற்றமுறும் வேளையில் இச்சாயமே சுப்பரொட்சைட்டைப் பிறப்பிக்கின்றது. களவு காண வந்தவன் தானும் களவாடி, அதனையும் கணக்கிற் சேர்த்தாற் போன்றது இது!

ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனால் ஆராய்க என ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் அரசனுக்கு விதித்தார். ஆய்வுகூடத்தில் அந்த இரண்டாம் ஒற்றனும் ஆராயத்தக்கவனே. சுப்பரொட்சைட்டை அறிதற்கு வழங்கும் ஐதரோஎதிடியம் செந்நிற விளைபொருள் இரண்டு தரும். ஒன்றே சுப்பரொட்சைட்டுக்கு உரியது. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். நிறப்பகுப்பு முறையாற் பிரித்தாலன்றி உண்மை புலப்படாது.

இலக்கணம் பயின்றோர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. 'தாக்குதிறனுள்ள ஒட்சிசன் இனங்கள்' என்பது பொதுப்பெயர். பச்சையொளி ஒன்றைக் கண்டு அப்பொதுப்பெயரை எழுதி அமைந்த கட்டுரைகள் எண்ணில. பல நாட்டு அறிஞர் கூடி 2022இல் வெளியிட்ட நெறிமுறைகள், எப்பொருள் என்பதைச் சிறப்புப்பெயராற் சுட்டுக என வற்புறுத்துகின்றன. பண்டிதர்களின் பிடிவாதம் என்று நகைக்கப்படுவதும் இதுவன்றோ!

சிறப்புப்பெயர் கூறவல்ல ஒற்றர் இப்பொழுது கலத்தினுள்ளேயே ஆக்கப்படுகின்றனர். 2006இல் உருசிய ஆய்வாளர் வெளியிட்ட ஹைப்பர் அத்தகையது. பேரொட்சைட்டை உணரும் பற்றீரியப் புரதத்தின் ஒரு பகுதியை மஞ்சளாய் ஒளிரும் புரதமொன்றோடு இணைத்தமைத்தனர். பேரொட்சைட்டு நீங்கியபின் அது பழைய நிலைக்கு மீளவும் வல்லது. ஆனால் கலத்தின் அமிலத்தன்மை மாறினாலும் அதன் ஒளி மாறும். ஆதலின், பேரொட்சைட்டை உணராத இரட்டைப்புரதம் ஒன்றையும் ஆக்கி அருகே வைத்து ஒப்புநோக்குகின்றனர்.