மருத்துவ ஆய்வில் பிள்ளைகளின் பங்கு

பெரியவர்களிடம் சோதித்துப் பார்த்த மருந்தை எடைக்கு ஏற்பக் குறைத்துக் குழந்தைக்குக் கொடுப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மாத்திரையை இரண்டாகவோ நான்காகவோ உடைத்து, கரண்டியில் பொடித்து, சர்க்கரைத் தண்ணீரில் கலந்து புகட்டாத வீடு குறைவு. இந்தக் கணக்கு பல மருந்துகளுக்குப் பொருந்துவதில்லை. பிறந்த குழந்தையின் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் முழுமையாக வேலைசெய்யத் தொடங்கியிருக்காது. சிறுநீரகமும் மெதுவாகத்தான் மருந்தை வெளியேற்றும். இரண்டு மூன்று வயதில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. எடைக்கு எடை பார்த்தால், சில மருந்துகளைப் பெரியவர்களைவிட வேகமாக அந்த உடல் தீர்த்துவிடும்.

இரண்டு பக்கமும் பிழை நடந்திருக்கிறது. 1950களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்கக் குளோராம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கப்பட்டது. மருந்து உடலில் தேங்கி, தோல் சாம்பல் நிறமாகி, இரத்த அழுத்தம் விழுந்து பல குழந்தைகள் இறந்தன. மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட்டு லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் 1959-ல் எழுதிய பிறகுதான் காரணம் தெளிவாயிற்று. காசநோய் மருந்தான ஐசோநியாசிடில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெரியவர்களைப் போலவே பிள்ளைகளுக்கும் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று பல ஆண்டுகள் கொடுத்துவந்தார்கள். அந்த அளவு போதவில்லை என்று கண்டு, 2010-ல் உலக சுகாதார நிறுவனம் கிலோவுக்கு 10 மில்லிகிராமாக உயர்த்தியது. எடைக்கு ஏற்ப மாத்திரையை உடைத்துக் கொடுத்த தாய் தேவைக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட விவரங்களைக் குழந்தைகளிடமிருந்து மட்டுமே கற்க முடியும். ஆய்விலிருந்து அவர்களை விலக்கிவைப்பது பாதுகாப்புப் போலத் தோன்றலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு குழந்தையும் எவரும் கணக்கெடுக்காத ஒரு சோதனைக்குத் தனித்தனியே ஆளாகிறது. அமெரிக்க மருத்துவர் ஹாரி ஷிர்கி 1960களிலேயே பிள்ளைகளைச் சிகிச்சையின் அனாதைகள் என்று சொன்னார். அமெரிக்காவில் 2003-லும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-லும் நடைமுறைக்கு வந்த சட்டங்கள், புதிய மருந்துகளைத் தேவையான இடங்களில் பிள்ளைகளிடமும் ஆராயும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தின.

பிள்ளைகள் பெருந்திரளாகப் பங்கெடுத்த ஆய்வு 1954-ல் நடந்த போலியோ தடுப்பூசிச் சோதனை. ஜோனாஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசியைச் சோதிக்க ஏறக்குறைய 18 லட்சம் பள்ளிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். சில பகுதிகளில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பது ஊசி போட்ட மருத்துவருக்கே தெரியாது. பங்கெடுத்த பிள்ளைகளுக்கு ‘போலியோ முன்னோடி’ என்று அச்சிட்ட அட்டையும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் கிடைத்தன. தடுப்பூசி பலனளிக்கிறது என்ற முடிவு 1955 ஏப்ரல் 12 அன்று வெளியானது. ஆனாலும் பிள்ளையிடம் தனியாகக் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. பெற்றோரின் கையெழுத்தே போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்குக்கு எதிராக இந்தியாவில் உருவான ரோட்டாவாக் சொட்டு மருந்தின் இறுதிக்கட்டச் சோதனை டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 கைக்குழந்தைகளிடம் நடந்தது. கடுமையான ரோட்டாவைரஸ் வயிற்றுப்போக்கு முதல் வயதில் பாதிக்கும் மேல் குறைந்தது. 2016 முதல் ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அதைவிட நெருக்கமாகப் பார்க்கத் தக்கது ஷைன் என்ற காசநோய் ஆய்வு. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 16 வயதுக்கு உட்பட்ட 1,204 பிள்ளைகள் சேர்ந்தார்கள். இந்தியாவில் சென்னையும் புனேயும் ஆய்வு மையங்கள். கேள்வி எளிமையானது. பெரியவர்களின் நுரையீரலில் கிருமிகள் ஏராளமாக இருப்பதால் ஆறு மாதச் சிகிச்சை தேவைப்படுகிறது. மிதமான காசநோய் உள்ள பிள்ளைகளிடம் கிருமிகள் மிகக் குறைவு. அவர்களும் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடத்தான் வேண்டுமா? பாதிப் பேருக்கு நான்கு மாதம், பாதிப் பேருக்கு ஆறு மாதம் மருந்து கொடுக்கப்பட்டது. சிகிச்சை பலிக்காதவர்கள், நோய் திரும்பியவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் இரு பிரிவிலும் 100-க்கு 3 பேர்தான். 2022-ல் முடிவுகள் வெளியாயின. மிதமான நோயுள்ள பிள்ளைகளுக்கு நான்கு மாதம் போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. தினமும் மருந்து விழுங்க மறுத்து அழும் பிள்ளைக்கும், மன்றாடிக் கொடுக்கும் தாய்க்கும் இரண்டு மாதம் மிச்சமாவது சின்ன விஷயமல்ல. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் அந்த 1,204 பிள்ளைகள்.

இவ்வளவு நன்மை இருந்தும் பெற்றோர் தயங்குவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தில் 1950களின் நடுப்பகுதி முதல் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குக் கல்லீரல் அழற்சிக் கிருமியை வேண்டுமென்றே கொடுத்து ஆய்வு நடத்தினார்கள். காப்பகத்தில் இடமில்லாத காலத்தில், ஆய்வுப் பிரிவில் சேர்த்தால் இடம் உண்டு என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. வேறு வழியில்லாதவரிடம் வாங்கும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது. இந்தியாவில் 2009-10-ல் கம்மம், வதோதரா மாவட்டங்களில் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வுத் திட்டமும் இப்படித்தான் கெட்டது. விடுதியில் தங்கிப் படித்த சிறுமிகள் பலருக்காகப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. திட்டத்தின் இடையே நேர்ந்த சில சிறுமிகளின் இறப்புக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டதால், நல்லதொரு தடுப்பூசியின் மீது சந்தேகம் படிந்தது.

ஆகவே பிள்ளைகளை ஆய்வுக்கு ஊக்குவிப்பது என்றால் முதலில் அவர்களிடம் ஒழுங்காகக் கேட்பதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன், 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் 18 வரை எழுத்துபூர்வ இசைவும் பெற வேண்டும். வேறெங்கும் கிடைக்காத, உயிர்காக்கும் சிகிச்சை அந்த ஆய்வில் மட்டுமே இருக்கும் நிலை தவிர, பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். படிவத்தை வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. எத்தனை முறை ஊசி, எத்தனை நாள் பள்ளிக்குப் போக முடியாது, தனக்கே பலன் உண்டா அல்லது பின்னால் வரும் பிள்ளைகளுக்கா, நடுவில் விலகினால் டாக்டர் கோபப்படுவாரா என்பவைதான் பிள்ளையின் கேள்விகள். எட்டு வயதுப் பிள்ளையின் மொழியில் இவற்றுக்குப் பதில் சொல்ல ஆய்வாளர் நேரம் ஒதுக்க வேண்டும்.

வலியும் அளந்து பார்க்கப்படுகிறது. ஐரோப்பிய வழிகாட்டுதலின்படி ஆய்வுக்காக ஒரு தடவையில் எடுக்கும் இரத்தம் உடலின் மொத்த இரத்தத்தில் நூற்றில் ஒரு பங்கையும், நான்கு வாரத்தில் மூன்று பங்கையும் தாண்டக் கூடாது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது ஒரு தடவைக்கு ஏறக்குறைய 8 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. ஊசி குத்தும் இடத்தில் மரத்துப்போகும் களிம்பை முன்கூட்டியே தடவுவதும், சிகிச்சைக்கு எடுக்கும் இரத்தத்திலேயே ஆய்வுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதும் நல்ல மையங்களில் வழக்கம். பயணச் செலவும் பெற்றோர் இழக்கும் கூலியும் கொடுக்கலாம். ஆசை காட்டும் அளவுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

ஆய்வைத் திட்டமிடும் மேசையிலேயே இளையோரை உட்கார வைக்கும் முயற்சியும் வளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் தொடங்கி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இளையோர் ஆலோசனைக் குழுக்கள் இயங்குகின்றன. தகவல் தாள் புரிகிறதா, மருந்தின் சுவை சகிக்கும்படி இருக்கிறதா, பரீட்சைக் காலத்தில் மருத்துவமனைக்கு வரச் சொல்வது சரியா என்று அவர்கள் ஆய்வாளர்களிடம் நேரடியாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள் யோசிக்காத தடைகள் இப்படித்தான் வெளிவருகின்றன. நம் மருத்துவக் கல்லூரிகளில் இத்தகைய குழுக்கள் வழக்கமாவது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அல்ல.

இந்தியாவில் மருந்துச் சோதனை எதுவானாலும் தொடங்கும் முன் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெற வேண்டும். பதிவு எண்ணையும் அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணையும் பெற்றோர் கேட்டு வாங்கலாம். ஆய்வினால் பிள்ளைக்குப் பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் ஆய்வை நடத்துபவரே ஏற்க வேண்டும் என்கின்றன 2019-ன் விதிகள். ஆய்வு பல ஆண்டுகள் நீண்டு, நடுவில் பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பெற்றோர் அன்று கொடுத்த ஒப்புதலை வைத்துத் தொடர முடியாது. அந்த இளைஞரிடமோ இளம்பெண்ணிடமோ புதிதாகக் கேட்டு, அவர் கையெழுத்தை வாங்க வேண்டும்.