ஸ்கேன்ல தெரியாத சந்துகள்

மூளைக் கட்டி ஆபரேஷன்ல கட்டியை எடுக்கிறது பாதி வேலைதான். அதைச் சுத்தி ஓடுற ரத்தக்குழாய்களைக் காப்பாத்துறது மீதி வேலை. அதுக்காகத்தான் முன்கூட்டியே சி.டி. ஆஞ்சியோ, எம்.ஆர். ஆஞ்சியோ எல்லாம் எடுக்கிறாங்க. "இவ்வளவு படம் எடுத்தாச்சே, இன்னும் என்ன ரிஸ்க்?" என்று நோயாளியின் வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. பதிலுக்கு நமக்குத் தெரிந்த சிக்னல் ப்ராசஸிங்கே போதும்.

முதல் பிரச்சினை ரெசல்யூஷன். வழக்கமான எம்.ஆர். ஆஞ்சியோவில் ஒரு வாக்ஸல் சுமார் 0.5 முதல் 1 மி.மீ. வரை இருக்கும். மூளையின் ஆழத்துக்குப் போகும் லென்டிகுலோஸ்ட்ரியேட் தமனிகளில் பல அதைவிட மெல்லியவை. ஜி.எஸ்.டி. ரோடு தெரியுது, முடிச்சூர் பக்கத்துச் சந்துகள் தெரியலைன்னா எப்படி இருக்கும்? அப்படி ஒரு மேப் இது. அந்தத் தமனிகள் முட்டுச்சந்து மாதிரி, மாற்று வழி கிடையாது. ஒன்று அடைபட்டாலே எதிர்ப்பக்கக் கை கால் செயலிழக்கலாம்.

இரண்டாவது, டைம் ஆஃப் ஃப்ளைட் முறையில் எடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோ குழாயைப் படம் பிடிப்பதில்லை, உள்ளே புதிதாக வரும் ரத்தத்தைத்தான் பிடிக்கிறது. ஓட்டம் மெதுவானால் சிக்னல் மங்கிவிடும். அதனால படத்தில் இல்லைங்கறதால குழாயே இல்லைன்னு சொல்ல முடியாது. ரத்தம் எந்த வரிசையில் வந்து வடியுதுன்னு வீடியோ மாதிரி காட்டுவது கதீட்டர் விட்டு எடுக்கும் டி.எஸ்.ஏ. இது 1927-ல் லிஸ்பனில் ஏகாஸ் மோனிஸ் தொடங்கிய முறையின் வாரிசு. சிறிய அளவில் பக்கவாத ஆபத்து இருப்பதால் எல்லாருக்கும் எடுக்க மாட்டாங்க.

மூன்றாவது, மண்டையோட்டையும் உறையையும் திறந்ததும் மூளையைச் சுற்றியுள்ள திரவம் வடிந்து, மூளை சில மி.மீ. இறங்கும். சில சமயம் 1 செ.மீ.க்கு மேலும் போகும். நேவிகேஷன் திரையோ பழைய மேப்பையே காட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆபரேஷன் நடக்கும்போதே டாப்ளர், அல்ட்ராசவுண்ட், அகச்சிவப்பில் ஒளிரும் ஐ.சி.ஜி. சாயம் என்று மறுபடி பார்க்கிறாங்க. ஆனா சாயமும் மைக்ரோஸ்கோப்புக்குத் தெரியும் மேற்பரப்பை மட்டும்தான் காட்டும்.

1950-ல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேனே கிடையாது. இன்னைக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2024-ல் வெளியிட்ட 'தரணி' அட்லஸ், கருவின் மூளையை 5,132 வெட்டுகளில் செல் அளவுக்குக் காட்டுது. ஆனா அது இறப்புக்குப் பின் மெல்லிசா சீவி எடுத்தது. உயிரோடு இருப்பவருக்கு அந்த வழி இல்லை.

நம்ம பேட்ச்லயும் ரத்தக்குழாய் செக்மென்டேஷன் ப்ராஜெக்ட் பண்றவங்க இருக்காங்க. அவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். கிரவுண்ட் ட்ரூத்தை வரைந்ததும் அதே ஸ்கேனைப் பார்த்துத்தான். ஸ்கேன் தவறவிட்ட குழாய் லேபிளிலும் இருக்காது, டைஸ் ஸ்கோரும் அதுக்காகக் குறையாது. ஸ்கோர் எவ்வளவு வந்தாலும், ஸ்கேனோட வாக்ஸல் அளவையும் அதுக்குப் பக்கத்திலேயே எழுதுங்க.