பூந்தமல்லி ஹாஸ்டல் சாப்பாடும் அமெரிக்காவில் விற்கும் செல்போனும்



நம் குழுக்களில் பலருடைய மகள்கள் பன்னிரண்டாவது முடித்ததும் கம்பெனி வேலைக்குத்தான் போகிறார்கள். வெளி மாவட்டப் பிள்ளைகளுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர்களும், மெஸ் வைத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. அதனால் 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் நடந்ததை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் ஃபாக்ஸ்கான், தைவான் நாட்டுக் கம்பெனி. அங்கே ஆப்பிள் செல்போன் பூட்டுகிற வேலை. அப்போது சுமார் 17,000 பேர் இருந்தார்கள். பாகங்களைப் பூட்டும் வரிசையில் பெரும்பாலும் கிராமத்துப் பெண் பிள்ளைகள். மாதச் சம்பளம் பத்தாயிரம் சொச்சம். பூந்தமல்லி அருகே ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்ட 250 பேருக்கு மேல் வயிற்றுப்போக்கு, வாந்தி. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 'சில பேர் செத்துப் போயிட்டாங்க' என்று வதந்தி கிளம்பியது. அது உண்மையில்லை. ஆனால் கூட வேலை செய்தவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. டிசம்பர் 17 ராத்திரி பிள்ளைகள் பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏன் யாரும் பதில் சொல்லவில்லை? பொருளை விற்பது ஆப்பிள். செய்து கொடுப்பது ஃபாக்ஸ்கான். தங்க இடமும் சாப்பாடும் கான்ட்ராக்டர் கையில். வெளிநாட்டுக் கம்பெனிகள் முதலில் சீனாவுக்குப் போனதும் பிறகு நம் ஊருக்கு வந்ததும், கூலி குறைவு என்பதும் ஒரு காரணம். மேலே விலையை இறுக்கினால், கீழே கான்ட்ராக்டர் எதில் மிச்சம் பிடிப்பார்? நாலு பேர் ரூமில் பத்துப் பேரைப் படுக்க வைப்பார், சமையல் சாமானில் கை வைப்பார். தரையில் படுத்ததையும் தண்ணீர் வராத கக்கூஸையும் பற்றி அப்போதே பிள்ளைகள் சொன்னார்கள்.

ஆலை டிசம்பர் 18 மூடி, 2022 ஜனவரி 12 தான் திறந்தது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் விதிப்படி இல்லை என்று ஆப்பிளே ஒத்துக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. ஊர் ஊராகப் பேர் வாங்கிய கம்பெனி, பேர் கெட்டால் வியாபாரம் போகும் என்று பயப்பட்டது. அதுவும் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய், ரோட்டுக்கும் வந்த பிறகுதான். நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரி பாகம் செய்யும் சின்னப் பட்டறைக்கு அப்படிப் பேரும் இல்லை, பயமும் இல்லை. அங்கே சட்டமும் சங்கமும்தான் துணை.

'ரொம்பக் கேட்டா கம்பெனி ஓடிப்போயிடும்' என்று வீட்டிலேயே சொல்கிறோம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் மூடியதைக் காட்டுகிறோம். அது மூடியது வரித் தகராறால். அதனால் மைக்ரோசாஃப்ட் கைக்கு மாற முடியாமல் போய், ஆர்டரும் நின்றது. பிள்ளைகள் நியாயம் கேட்டதால் மூடவில்லை. ஃபாக்ஸ்கானோ நாலு வாரத்துக்குள் திறந்தது, பிறகு வளர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை சிப்காட் கட்டித் திறந்தது. அதே வருஷம் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்து, மத்திய அரசு விளக்கம் கேட்டதும் நடந்தது. எல்லாம் சரியாகிவிடவில்லை.

மகளை அனுப்பும் முன் சிலதைக் கேளுங்கள். வேலை ஆர்டர் கம்பெனி பேரிலா, கான்ட்ராக்டர் பேரிலா? கான்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கும் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். சம்பள ரசீதில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா? ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிக்கிறார்கள்? போய் ஒரு வேளை சாப்பிட்டுப் பாருங்கள், பாத்ரூமையும் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம். பிரச்சினை வந்தால் 181 பெண்கள் உதவி எண்ணை மகள் போனில் போட்டுக் கொடுங்கள்.

2014 தமிழ்நாடு சட்டப்படி பெண்கள் ஹாஸ்டலுக்குக் கலெக்டரிடம் லைசென்ஸ் வேண்டும், சமையலுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். கம்பெனிப் பிள்ளைகளை வைத்து ஹாஸ்டலோ மெஸ்ஸோ நடத்தும் நம் உறுப்பினர்களுக்கும் இதேதான்.